செம்பும் பெருநாள் ஈரலும்

மனித உடம்புக்குச் செம்பு வேண்டும் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதுவும் துளியோ துளி போதுமாம். சாப்பாட்டில் வரும் செம்பில் தனக்கு வேண்டியதை உடம்பு எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை ஈரல் பித்தத்தோடு சேர்த்து வெளியே அனுப்பிவிடும். சிலருக்கு அந்த வெளியே அனுப்பும் பிரிவு பிறவியிலேயே வேலை செய்வதில்லை. உள்ளே வருவது வந்துகொண்டே இருக்கும், எதுவும் வெளியே போகாது. முதலில் ஈரலில் குவியும். அங்கே இடம் தீர்ந்ததும் மூளைக்கும் கண்ணுக்கும் போகும். நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில், ஊழியர்களின் மருத்துவச் செலவுக் கோப்புகளைப் பார்க்கும் பிரிவில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலை செய்யாத பிரிவு எப்படியிருக்கும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் அது முதலில் மகனிடம்தான் வெளிப்பட்டது. தாராவியில் என் வீட்டுக்காரருக்குத் தோல் பை செய்யும் சின்னப் பட்டறை உண்டு. மகன் பி.காம் முடித்துவிட்டு அங்கேயே போய் உட்கார்ந்தான். தோல் வெட்டுவதில் கை சுத்தம் என்று அவன் வாப்பாவே ஒத்துக்கொண்டார்; அவர் லேசில் எதையும் ஒத்துக்கொள்கிறவர் இல்லை. அந்தக் கத்தி ஒரு நாள் கோணியது. பிறகு அடிக்கடி கோணியது. டீ கிளாஸைத் தூக்கினால் பாதி சட்டையில் கொட்டும். பேச்சு வாய்க்குள்ளேயே சுருண்டது. எதற்கெடுத்தாலும் கோபம், அப்புறம் அழுகை.

"எவன்கூட உக்காந்து என்னத்தக் குடிக்கான்னு கேளு," என்றார் வீட்டுக்காரர்.

"நீங்களே கேளுங்க. பட்டறையில உங்க பக்கத்துலதான உக்காந்திருக்கான்."

அவர் கேட்கவில்லை. நான் கேட்டேன். "உம்மா, சத்தியமா, நான் ஒண்ணும் குடிக்கல," என்றான் மகன். அதைச் சொல்லி முடிக்கவே அவனுக்கு வெகு நேரமானது.

செம்பூரில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே இருக்கும் டாக்டர் டென்ஷன் என்றார். மனநல டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தார். வாஷிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சான்பாடாவில் இருக்கும் என் மதினி, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, ஓதி வாங்கிய தாயத்து ஒன்றைக் கொண்டுவந்து அவன் கையில் கட்டினாள். உள்ளே நல்ல கனமான செப்புத் தகடு. பெரிய மருத்துவமனையில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா அவனை ஒரு கருவிக்கு முன் உட்காரவைத்து, கண்ணுக்குள் பட்டையான வெளிச்சத்தை விட்டுப் பார்த்தபோதும் அந்தத் தாயத்து அவன் கையில்தான் இருந்தது. கருவிழியின் ஓரத்தைச் சுற்றிப் பழுப்பும் பொன்னுமாக ஒரு வளையம். நானும் பார்த்தேன். நகைக்கடைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தால் விலை கேட்டிருப்பேன்.

டாக்டரம்மா நோயைச் சொன்னார். பிறகு கேட்டார்: "உங்க ஹஸ்பண்ட் சொந்தமா?"

"மாமா மகன்."

"உங்க அப்பா அம்மா?"

"அவங்களும் சொந்தம்தான்."

அவர் ஒரு தாளை எடுத்துக் குடும்ப வரைபடம் போட ஆரம்பித்தார். எங்கள் குடும்பத்தை அப்படிப் போட முடியாது. மற்றவர்களுக்கு அது கீழே போகப் போக விரியும் மரம். எங்களுக்குப் பிழிந்து முறுக்கிய ஈரச் சேலை. டாக்டரம்மா இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பழுதான பிரதியைக் கொடுத்தால்தான் நோய் வருமாம். ஒரு பிரதி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. சுமந்துகொண்டு திரிவார்கள், நானும் வீட்டுக்காரரும் திரிந்ததைப் போல.

"கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

"மூத்தவள் ஒருத்தி. கல்யாணமாகி சான்பாடாவில இருக்கா. நல்லா இருக்கா."

"நல்லா இருக்கறப்பவே பாக்கணும். நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு."

மகளுக்கு அவள் மாமியின் மகனைத்தான் கட்டிக்கொடுத்திருந்தோம். அந்த மாமிதான் தாயத்துக் கொண்டுவந்த என் மதினி. அவளுக்கும் அந்தப் பழுதான பிரதி இருக்கலாம், அவள் மகனுக்கும் இருக்கலாம். டாக்டரம்மா என்னிடம் இதைச் சொல்லவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கே புரிந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மகன் கையிலிருந்த தாயத்தை அவிழ்த்தேன். உடம்பில் கட்டும் தகட்டால் ஒன்றும் ஆகாது என்று தெரியும். ஆனாலும் அவிழ்த்தேன். மதினிக்கு அது பெரிய மனக்குறையாகிவிட்டது.

மகளைப் பரிசோதனைக்கு வரவழைக்க ஒரு காரணம் வேண்டும். எனக்கு மூட்டு வலி என்று சொன்னோம். மூத்திரத்தை ஒரு முழு நாள் சேகரிக்க வேண்டும். காலையில் முதல் தடவை போவதைக் கொட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு மறுநாள் காலை முதல் தடவை வரை ஒரு சொட்டு விடாமல் பரிசோதனைக்கூடம் கொடுத்த பிளாஸ்டிக் கேனில் சேர்க்க வேண்டும். உலோகச் சொம்பு, குவளை எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. மாமியார் வீட்டில் இது நடக்கிற காரியமா? மகள் செம்பூரில் வந்து தங்கினாள். நான் மூட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த வருடம் எனக்கு இல்லாத நோயெல்லாம் வந்தது.

கேனைப் பழைய துணிப்பையில் வைத்து கிங்ஸ் சர்க்கிளில் இருக்கும் பரிசோதனைக்கூடத்துக்கு பஸ்ஸில் கொண்டுபோனேன். பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் கேனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

மகளுக்கும் இருந்தது. கண்ணில் வளையம் இல்லை, கையில் நடுக்கம் இல்லை. இரத்தத்தில் செம்பைத் தூக்கிச் செல்லும் புரதம் குறைவு, மூத்திரத்தில் செம்பு அதிகம், ஈரல் கொஞ்சம் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தது. "எதையும் கெடுக்கறதுக்கு முன்னாடி பிடிச்சுட்டோம்," என்றார் டாக்டரம்மா. அதை நல்ல செய்தியாகச் சொன்னார். நல்ல செய்திதான்.

தம்பிக்கு உடம்பில் சேர்ந்த செம்பைப் பிடித்து வெளியே இழுக்கும் மருந்து. அக்காவுக்குத் துத்தநாக மாத்திரை. அது குடலின் வாசலில் நின்றுகொண்டு, சாப்பாட்டோடு வரும் செம்பை உள்ளே விடாது. தினம் மூன்று வேளை. சாப்பாட்டுக்கு நல்ல இடைவெளி விட்டு, வெறும் தண்ணீரில். ஆயுள் முழுவதும். சாப்பாட்டில் ஈரல் கூடாது, நண்டும் சிப்பியும் கூடாது, முந்திரியும் சாக்லேட்டும் முடிந்தவரை வேண்டாம், செம்புப் பானைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். "ஆனா சாப்பாடு சின்ன விஷயம். மாத்திரைதான் பெரிய விஷயம்," என்றார்.

"நிறுத்தினா?"

"நிறுத்தக் கூடாது."

"விதி புரியுது டாக்டர். மீறினா என்ன ஆகும்னு கேக்கறேன்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். "ஈரல் திடீர்னு கைவிட்டுடலாம். நல்லா நடமாடிட்டு இருக்கறவங்களுக்கே. அப்புறம் மாத்து ஈரல்தான் வழி. அது கிடைக்கணும், நேரம் இருக்கணும்."

வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்தோம். மகள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

"உம்மா, மாமிகிட்ட மட்டும் சொல்லாதீங்க."

"ஏன்?"

"ஏற்கெனவே எப்ப பிள்ளை, எப்ப பிள்ளைன்னு கேக்காங்க. தம்பிக்கு இருக்கறது எனக்கும் இருக்குன்னா? யோசிச்சுப் பாருங்க."

நான் யோசித்துத்தான் பார்த்தேன். மதினி தன் தம்பி மகளை ஆசைப்பட்டுக் கேட்டு எடுத்தவள். பழுது என்ற சொல் ஒரு தடவை வாயில் வந்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

"மாப்பிள்ளைக்கு?"

"அவங்களுக்குத் தெரியும். அவங்க சொல்ல மாட்டாங்க."

அது நிச்சயம். என் மருமகன் நல்ல பிள்ளை. தாய்க்கு முன்னால் அவர் வாயைத் திறப்பது சாப்பிடுவதற்கு மட்டும்தான்.

வீட்டில் இருந்த செப்புச் சாமான் எல்லாவற்றையும் பழைய சாமான் வாங்கும் பங்கார்வாலாவுக்குப் போட்டேன். மகனுக்கு மருந்து தொடங்கியதும் முதலில் நடுக்கம் கூடியது. அப்படியும் ஆகலாம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். முன்பே சொல்லியிருந்தால் பயம் குறையும் என்று நினைப்பவர்கள் அதைப் பார்த்ததில்லை. பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. டீ சட்டையில் கொட்டாமல் வாய்க்குப் போனது. வாப்பாவும் மகனும் பட்டறையில் மறுபடி சண்டை போட ஆரம்பித்தார்கள். அதைக் கேட்டு நிம்மதியாக இருந்தது. அதனால் என் கவலை முழுவதும் கடலைத் தாண்டி சான்பாடாவுக்குப் போய்விட்டது.

மகளிடம் போனில் நான் கேட்பது ஒரே கேள்விதான். அவளும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்.

"போட்டியா?"

"போட்டேன் உம்மா. டென்ஷன் எடுக்காதீங்க."

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரு சின்ன டப்பாவில் போட்டு, அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தாள். வெறும் வயிற்றில் அது குமட்டும். காலையில் அவள் வாஷ்பேசினில் குனிந்து நிற்பதைப் பார்த்து மதினி என்னிடம் போனில் சந்தோஷமாகக் குரலைத் தாழ்த்தினாள். "ஏளா, உன் மவ காலையில ஓங்கரிக்கா. நான் ஒண்ணும் கேக்கல. நீ கேளு." நான் பித்தமாக இருக்கும் என்றேன். அடுத்த மாதமும் பித்தம் என்றேன். அதற்கடுத்த மாதம் அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மகளோடும் அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். காரணம் புரியவில்லை. மகள் பயந்துபோய் மதிய மாத்திரையைச் சாப்பாட்டு நேரத்தில் வாயில் போட்டு விழுங்க ஆரம்பித்தாள். அப்போதுதான் யாரும் கவனிக்க மாட்டார்களாம். சாப்பாட்டோடு போட்டால் மாத்திரை தன் வேலையைச் செய்யாது என்று சொன்னேன். "ஏதோ உள்ள போகுதுல்ல உம்மா," என்றாள்.

அப்புறம் ரமலான் வந்தது.

நோயாளிக்கு நோன்பில் விலக்கு உண்டு. ஆயுள் முழுக்க மருந்து எடுப்பவர் பதிலுக்கு ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்கலாம். விடுப்பு விதிகளைக் கரைத்துக் குடித்தவள் நான். இவ்வளவு தெளிவான விதியை நான் எந்தச் சர்க்குலரிலும் படித்ததில்லை. மகளிடம் படித்துப் படித்துச் சொன்னேன். நோன்பு பிடிக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் டாக்டரம்மாவைக் கேள், அவர் நேரத்தை மாற்றித் தந்தாலும் தருவார் என்றேன்.

"நோன்பு விட்டா ஏன்னு கேப்பாங்க உம்மா. மாசத்துல சில நாள் விடலாம். மாசம் முழுக்க என்ன சொல்லுவேன்?"

 பதில் இல்லாத இடத்தில் வேறொன்றைப் பிடித்துக்கொள்வது எனக்குப் பழக்கம். தாராவிப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பெரிய அண்டா, தேக்சா என்பார்கள், செம்பால் ஆனது. உள்ளே ஈயம் தேய்ந்துபோனால் செம்பு கஞ்சியில் இறங்கும். என் மகன் அந்தக் கஞ்சியைத்தான் பட்டறையில் குடிப்பான்.

"பள்ளி கமிட்டிகிட்டப் போயி தேக்சாவுக்கு ஈயம் பூசியாச்சான்னு கேளுங்க," என்றேன் வீட்டுக்காரரிடம்.

"உனக்குப் பைத்தியமா?"

"கேட்டா என்ன?"

கேட்டுவிட்டு வந்தார். "போன தடவை பூசினாங்களாம்."

"போன தடவைன்னா எப்ப?"

"நானும் அதத்தான் கேட்டேன். உங்க வீட்டு அம்மா இன்னும் ரிட்டையர் ஆகலையான்னு கேட்டாரு."

மகனுக்கு வீட்டிலிருந்து எவர்சில்வர் தூக்கில் கஞ்சி போனது. அந்த மாதம் முழுவதும் நான் தேக்சாவைப் பற்றிக் கவலைப்பட்டேன். சான்பாடாவில் மகள் மூன்று வேளை மாத்திரையையும் விடியுமுன் சாப்பிடும் சஹர் சாப்பாட்டோடு ஒன்றாகப் போட்டாள். அது குமட்டி எடுக்கவும் இரண்டாகக் குறைத்தாள், பிறகு ஒன்றாக. கடைசியில் டப்பாவைத் திறக்கவே இல்லை. போனில் நான் கேட்டபோதெல்லாம், "போட்டேன் உம்மா."

நோன்புப் பெருநாள் முடிந்து சில வாரத்தில் என் மூட்டு வலி மறுபடி வந்தது. மகள் வந்தாள், கேன் வந்தது, நான் கிங்ஸ் சர்க்கிளுக்குப் போனேன். முடிவைப் பார்த்த டாக்டரம்மா அவளிடம் நேராகக் கேட்டார்: "மாத்திரை சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறேன்."

"செம்பு ஏறியிருக்கு. சரி, வேற காரணம் இருக்கலாம்னு வெச்சுப்போம். ஆனா துத்தநாகமும் வெளிய வரல. அது உள்ள போயிருந்தாத்தானே வெளிய வரும்?" தாளை எங்கள் பக்கம் திருப்பினார். "ஈரல் டெஸ்டும் முன்ன மாதிரி இல்ல."

மகள் என்னைப் பார்க்கவில்லை. வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். நான் திட்டவில்லை. அவள் கண்களின் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மஞ்சளா, ஆட்டோவின் தார்ப்பாய் நிறமா என்று புரியவில்லை. அதற்குப் பிறகு அவளைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்துவேன்.

"பிள்ளை உண்டானாலும் இந்த மாத்திரையை நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப எத்தனை நாளைக்கு அரிசி டின்னுக்குப் பின்னாடி?"

 இனி ஒழுங்காகப் போடுகிறேன் என்று மட்டும் சொன்னாள். அடுத்த பரிசோதனை பக்ரீத்துக்குப் பிறகு. அதிலும் ஏறியிருந்தால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

பக்ரீத்துக்கு எங்களை மதினி சான்பாடாவுக்கு அழைத்திருந்தாள். தேவனார் ஆட்டுத்தொட்டியில் குர்பானி முடிந்து எங்கள் பங்கும் அவர்கள் பங்கும் ஒன்றாக வந்தது. தொழுகைக்குப் போய்விட்டு வரும்வரை அந்த வீட்டில் யாரும் எதுவும் சாப்பிட மாட்டார்கள். முதல் வாய் குர்பானி ஈரலாகத்தான் இருக்க வேண்டும். அதை வீட்டுக்கு மூத்தவள் தன் கையாலேயே மிளகு போட்டு வறுத்து, தன் கையாலேயே தட்டில் வைப்பாள். மதினியின் தகப்பனார் காலத்திலிருந்து அப்படித்தான். அவர் எனக்கும் மாமா என்பதால் அந்த முதல் வாயை நானும் நிறையச் சாப்பிட்டிருக்கிறேன்.

விரிப்பில் உட்கார்ந்தோம். மதினி சட்டியோடு வந்தாள். என் மகனைத் தாண்டிப்போனாள். "இவன் திங்க மாட்டான், தெரியும். தாயத்தையே அவுத்துப் போட்ட ஆளுங்க." பிறகு மகளுக்கு முன்னால் குனிந்து, தட்டில் நல்ல பெரிய துண்டுகளாகப் பார்த்து வைத்தாள். மாதக்கணக்காக அவளோடு ஒழுங்காகப் பேசாதவள், அன்றைக்குப் பெருநாள் என்பதால் பேசினாள்.

"தின்னு. இரத்தம் ஊறும். வயித்துல ஒண்ணு தங்கும்."

ஒரு துண்டு ஈரலால் உயிர் போகாது. எனக்குத் தெரியும், மகளுக்கும் தெரியும். சாப்பாடு சின்ன விஷயம் என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார். ஆனால் அவள் அந்தத் துண்டை வாயில் போட்டால் சாயங்காலம் டப்பா அரிசி டின்னுக்குப் பின்னாலேயே இருக்கும். அங்கே இருக்கும்வரை அது திறக்கப்படுமா என்பதற்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது. நான் பேச வாயெடுத்தேன். என்ன சொல்வதாக இருந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. மூட்டு வலியைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பேன். மருமகன் தன் தட்டையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் ஒரு துண்டைக் கையில் எடுத்தாள். பக்கத்திலிருந்த தம்பி அவளைப் பார்த்தான். அவன் கையில் இருந்த டம்ளர் லேசாக ஆடியது. பதற்றம் வந்தால் இன்னும் ஆடும்.

"லாத்தா," என்று அக்காவைக் கூப்பிட்டான். அவ்வளவுதான் சொன்னான்.

அவள் துண்டைத் தட்டில் வைத்தாள். "எனக்கும் ஆகாது மாமி. தம்பிக்கு இருக்கறது எனக்கும் இருக்கு. மாத்திரை போடுதேன்."

  மதினி கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள்.

"அரிசி டின்னுக்குப் பின்னால இருக்கே, அந்த டப்பாவா?"

மகள் தலையை ஆட்டினாள்.

"அது அந்த மாத்திரையா?"

"ஆமா மாமி. நீங்க என்னன்னு நெனச்சீங்க?"

"பிள்ளை வேண்டாம்னு திங்குற மாத்திரைன்னுல்லா நெனச்சேன்." மதினி உட்கார்ந்துவிட்டாள். "அட்டை கிட்டை ஒண்ணும் இல்லாம ஒளிச்சு வெச்சிருந்தா வேற என்னத்த நெனக்கச் சொல்லுத? என் மவன் வாழ்க்கைய இவ இப்படிப் பண்ணுதாளேன்னு நான் யாருகிட்டயும் சொல்ல முடியாம…" முடிக்காமல் என் பக்கம் திரும்பினாள். "ஏளா, உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மதினி."

"உன் மூட்டு வலி?"

"இல்ல."

"இல்லையா? நான் கை வலிக்கக் கிண்டி தைலம் காய்ச்சி அனுப்புனேனே. அத என்ன பண்ணுன?"

"வாப்பா முதுகுல தேச்சுக்கிடுவாங்க," என்றான் மகன். நல்ல தெளிவாகச் சொன்னான். வீட்டுக்காரர் அவனை முறைத்தார்.

"கவர்ன்மெண்டு உத்தியோகம் பாத்தவ," என்றாள் மதினி பொதுவாக, சுவரைப் பார்த்து. "ஊரு பேப்பரெல்லாம் படிச்சவ. என் வீட்டு நோய என்கிட்டச் சொல்லத் தெரியல."

பிறகு அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள். நான் பயந்துகொண்டிருந்த கேள்விதான். "என் மவனுக்கு?"

சொன்னேன். அவருக்கு நோய் வர வாய்ப்புக் குறைவு, ஒரு பழுதான பிரதி மட்டும் இருக்கலாம், இருந்தாலும் அவரை ஒன்றும் செய்யாது. ஆனால் பிள்ளை பிறந்தால் அதற்கு வரலாமா என்று தெரிந்துகொள்ள அவர் ஒரு பரிசோதனை செய்ய வேண்டும். "எங்க இருந்து வந்திருக்கும் அந்தப் பிரதி?" என்று கேட்டாள். உங்களிடமிருந்து என்று நான் சொல்லவில்லை. "உங்க வாப்பாகிட்ட இருந்து வந்திருக்கும் மதினி, எனக்கு எங்க உம்மாகிட்ட இருந்து வந்த மாதிரி. அவங்க ரெண்டு பேரும் கூடப் பொறந்தவங்க, ஒரே வீடு," என்றேன். அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. மருமகன் முதல் தடவையாகத் தட்டிலிருந்து கண்ணை எடுத்து, "டெஸ்ட் பண்ணிடலாம் மாமி," என்றார் என்னிடம், அவர் அம்மாவுக்குக் கேட்காதபடி.

மதினி இரண்டு முட்டை பொரித்துக்கொண்டு வந்து மகள் தட்டில் தட்டினாள். "முட்டை ஆகுமா?"

"ஆகும்."

"பரவால்ல. அதுக்காவது பெர்மிஷன் குடுத்தாங்களே."

மறுநாள் மத்தியானம் நான் போன் செய்தபோது மதினிதான் எடுத்தாள். மாத்திரை போட்டாகிவிட்டது, தானே கையில் கொடுத்ததாகச் சொன்னாள். எனக்குக் கண் கலங்கியது. பாதாம் அரைத்துக் காய்ச்சிய பாலில் கொடுத்தாளாம், குமட்டக் கூடாது என்று.

"மதினி, பால் கூடாது. வெறும் தண்ணிதான். முன்னாலயும் பின்னாலயும் ஒண்ணும் குடுக்கக் கூடாது. பாதாமும் வேண்டாம்."

"வெறும் வயித்துலயா? நீ உன் மவளுக்கு அப்படித்தான் குடுத்தியா?"

"அப்படித்தான் குடுக்கணும்."

"சரி. தண்ணி." போனை வைத்துவிட்டாள். அவள் தண்ணீர்தான் கொடுத்தாளா, வெந்நீரில் தேனா என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். தேன் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை.

பக்ரீத்துக்குப் பிறகான மூத்திரச் சேகரிப்பு சான்பாடாவிலேயே நடந்தது, மூட்டு வலியின் தயவில்லாமல். பாத்ரூம் வாசலில் மதினி கிட்டத்தட்டக் காவல் இருந்ததாக மகள் சொன்னாள். நான் காலையில் போய் கேனை வாங்கிக்கொண்டேன். மதினி அதை ஒரு பழைய துப்பட்டாவில் சுற்றி, மேலே முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். பன்வேலிலிருந்து வந்த ரயிலில் லேடீஸ் பெட்டியில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாஷிப் பாலத்தில் வண்டி மெதுவாகப் போனபோது எதிரே இருந்த பெண் முடிச்சைப் பார்த்துவிட்டு, "மிட்டாயி ஹை க்யா ஆண்ட்டி?" என்று இந்தியில் கேட்டாள், உள்ளே இனிப்பு இருக்கிறது என்று நினைத்து. "நஹி பேட்டா," என்றேன். அதற்கு மேல் அவள் கேட்காதது நல்லதாயிற்று.

கேனை கிங்ஸ் சர்க்கிளில் கொடுத்துவிட்டு வந்து நாளாகிறது. செம்பு என்ன, துத்தநாகம் என்ன, ஈரல் என்ன சொல்கிறது, எதுவும் இன்னும் வரவில்லை. வீட்டுக்காரர் என்னைத் தேக்சா பக்கம் திருப்பிவிடப் பார்க்கிறார். பள்ளியில் இந்த வருடம் நிஜமாகவே ஈயம் பூசப்போகிறார்களாம். இன்று சாயங்காலம் மகளின் போனுக்கு அடித்தேன். மதினி எடுத்தாள்.

"ரிசல்ட் வந்துச்சா?"

"இன்னும் இல்ல மதினி."

"வந்தா முதல்ல எனக்குச் சொல்லணும். இந்தத் தடவையாவது."

"சொல்லுதேன். மாத்திரை போட்டாளா?"

"போடப்போறா. நீ போன வை. நான் தண்ணி எடுக்கணும்."